காமிலாவின் தொண்டையும் கடை வாசல் கியூவும்

பஸார் வீதி,
பதுளை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஹஸீப் மச்சானுக்கு, உங்கள் தங்கை நளீராவின் கணவன் புஹாரி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் முதலில் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும்; எழுதிவிட்டேன். அது எப்படிப்பட்ட சுகம் என்பதை இனி விளக்குகிறேன்.

அதற்கு முன் ஒரு மன்னிப்பு. கட்டாரிலிருந்து நீங்கள் எடுத்த அழைப்புகளை ஒன்று விடாமல் வெட்டியவன் நான்தான். நெட்வேர்க்கைத் திட்ட வேண்டாம். அதன்மேல் இம்முறை தவறில்லை. உங்கள் பெயர் திரையில் தெரிந்தாலே எங்கள் மகள், உங்கள் மருமகள் காமிலா போனைப் பறித்து "மாமா" என்று ஆரம்பித்துவிடுவாள், ஆரம்பித்தால் பற்றரி தீரும்வரை நிறுத்தமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் இப்போது ஒரு சொல்லும் பேசக் கூடாது. எழுத்தில் செய்தி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். எழுத்துக்கு நீங்கள் குரலில்தான் பதில் அனுப்புவீர்கள். அந்தக் குரல் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எதிர்க்கடை வரை கேட்கும். ஆகவே பழைய முறைப்படி கடதாசியில் எழுதுகிறேன். பக்கத்துக் கடை முன்ஸிப் அடுத்த கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார்; அவர் கையில் கொடுத்தனுப்புவேன்.

டொன்சில் ஒப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. பிள்ளையை உள்ளே கொண்டு போனபின் நளீரா தஸ்பீஹ் மணியும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தலைப் படித்தேன். டெங்கு நுளம்பு பெருகும் இடங்களை ஒழிப்பது பற்றியது. கதவு திறக்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பூச்சட்டி, பழைய டயர், யோகட் கோப்பை, எதுவானாலும் இன்று என்னிடம் கேட்கலாம், மச்சான். கதவு திறந்தபோது தள்ளுகட்டிலில் வந்த பிள்ளை எங்கள் பிள்ளையைப் போல இல்லை. வாயை மூடியிருந்தாள்.

டொக்டர் நல்ல மனிதர். அவசரமில்லாமல் சொன்னார்: காயம் ஆற வேண்டுமென்றால் பிள்ளை விழுங்க வேண்டும், தண்ணீர், குளிரான பானம், ஐஸ்கிறீம், எதுவாயினும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். வலிக்கிறது என்று விழுங்காமல் விட்டால் தொண்டை காயும், இரத்தம் கசியலாம், அப்படியானால் திரும்பக் கொண்டுவந்து சேலைன் ஏற்ற வேண்டி வரும். இவ்வளவுதான் அவர் சொன்னார். ஆனால் நமது ஆஸ்பத்திரிகளில் டொக்டர் சொல்வது பாதிதான். அவர் நகர்ந்ததும் மீதியைப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார். டொக்டர் சொன்னதைக் கடதாசித் துண்டில் குறிக்காவிட்டால் வாசலைத் தாண்டமுன் மறந்துபோகும்; பக்கத்துக் கட்டில் சொன்னதை யாரும் மறப்பதில்லை. எங்களுக்கு வாய்த்தவர் பேரப்பிள்ளைக்குத் துணையாக கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா.

"தொண்டையில கத்தி வச்சா மூச்சு விடலாம், பேசக் கூடாதுங்க," என்றார். "எங்க தோட்டத்துல ஒருத்தரு ஒப்பரேஷன் முடிஞ்ச கையோட பொண்டாட்டிகூட சண்ட புடிச்சாரு. இன்னிக்கி வரைக்கும் அவரு கூப்புட்டா நாய்கூட திரும்பிப் பாக்காதுங்க."

"அந்த மனிசிக்கு?" என்று நளீரா கேட்டாள்.

"அவங்களுக்கென்னங்க, நல்லா இருக்காங்க."

அன்றே முடிவு செய்தோம். பிள்ளை பேசக் கூடாது. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் அவளுக்குப் பேசத் தோன்றக் கூடாது. பேசத் தோன்றாமல் இருக்க வேண்டுமென்றால் அவள் காதில் பேச்சே விழக் கூடாது. எங்கள் வீடு கடைக்கு மேலே, பலகைத் தளம், பலகைக்குப் பலகை இடைவெளி. கீழே நான் ஒரு வாடிக்கையாளரிடம் அரிசியைப் புகழ்ந்தால் மேலேயிருந்து "வாப்பா, அந்த அரிசில கல் ஈக்குதுண்டு நீங்கதானே சென்னீங்க" என்று குரல் வருவது இந்த வீதிக்கே பழக்கமான விடயம். ஆகவே வீட்டில் எல்லோரும் குசுகுசுப்பது என்றும், கடையிலும் அவ்வாறே என்றும் சட்டம் போட்டேன். கடையில் என்னோடு நிற்கும் இராசையாவிடம் இதை விளக்கினேன். அவர் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல். "சரிங்க மொதலாளி" என்று அவர் குசுகுசுத்ததில் தராசுத் தட்டு ஆடியது.

பஸ் தரிப்பிடம் எங்கள் வாசலுக்கு அருகில்தானே. அங்கே நிற்கும் கொண்டக்டர் ஒருவரிடம் போய், பிள்ளைக்குச் சுகமில்லை, ஊர்ப் பெயரைக் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெதுவா கூப்பிட்டா சனம் எங்க போற பஸ்ஸுண்டு எப்பிடித் தெரிஞ்சிக்கிற?" என்றார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கிறதே என்றேன். அவர் இறங்கி முன்னால் போய் அதைப் படித்துப் பார்த்துவிட்டு வந்து, "அது வேற பஸ்ஸுட போர்ட்" என்றார். அத்துடன் அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

பேச்சு நின்றது. விழுங்குவதும் நின்றது. அதுதான் மச்சான் உண்மையான கஷ்டம். பிஸ்கட் பெட்டியின் அட்டையொன்றைக் கிழித்து, பேனையும் கொடுத்து, வேண்டியதை எழுதிக் காட்டும்படி சொல்லியிருந்தோம். அவள் பெரிய எழுத்தில் "ஏலா" என்று எழுதினாள். முடியாதாம். மறுபக்கத்திலும் அதையே எழுதினாள். அதன்பின் பேனையைத் திருப்பித் தந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுபோனால் அட்டை உயரும். ஐஸ்கிறீம் கொண்டுபோனால் உயரும். யோகட்டைப் பார்த்ததும் அட்டையை உயர்த்துவதோடு சுவர்ப்பக்கம் திரும்பியும் படுத்துக்கொள்வாள். துப்பலைக்கூட விழுங்காமல் ஒரு துவாயில் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டம் தெரிந்த ஆட்களிடம் வழக்காடலாம், வாயைத் திறக்காத ஆளிடம் என்ன செய்வது?

விசாரிக்க வந்தவர்களும் தம்மால் ஆனதைச் செய்தார்கள். றுஸைனா மாமி ஒரு போத்தல் நிறையச் சுடச்சுடக் கொத்தமல்லிக் கசாயம் கொண்டுவந்தார். டொக்டர் குளிராகக் கொடுக்கச் சொன்னதை நளீரா குசுகுசுத்தாள்.

"இந்தக் குளிருக்கு ஐஸ்கிறீமா? அவரு கொழும்புல படிச்சீப்பாரு," என்று மாமியும் குசுகுசுத்தார். "அங்க சூடு. இங்கத்தத் தொண்ட வேற."

"தொண்ட எல்லா எடத்திலயும் ஒண்டுதானே மாமி."

"அப்ப ஏன் அவ விழுங்கல்ல?"

மாமி கரண்டியை எடுத்து, "குடிங்கோ மகள், ஒரே ஒரு மொடக்கு" என்று பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனார். கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் தங்களை அறியாமல் வாயைத் திறந்தார்கள். அத்தனை பேரும் விழுங்கினார்கள். காமிலா அட்டையை உயர்த்தினாள். இப்படி வந்தவர்களெல்லாம் சேர்ந்து ஒரு நல்ல அளவு எச்சிலை விழுங்கிவிட்டுப் போனார்கள். பிள்ளையின் உதடு மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு நாள் காலை நளீரா ஆஸ்பத்திரிப் பையை மறுபடி எடுத்து, இரவு உடுப்பை மடித்து வைக்க ஆரம்பித்தாள். "பின்னேரம் வரைக்கும் பாப்போம்" என்றாள், என்னைப் பாராமலே. நான் கீழே கடைக்கு இறங்கினேன். அறிவித்தல் எதுவும் இல்லாததால் சீனி மூட்டையில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன்.

அப்போதுதான் தோட்டத்திலிருந்து பெரியாயி அம்மா சாமான் வாங்க வந்தார். நமது பழைய வாடிக்கை, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பருப்பு இருக்கிறதா என்று கேட்டார். நான் மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, கவுண்டருக்கு மேலாகச் சாய்ந்து, "ஈக்குது" என்று குசுகுசுத்தேன். பெரியாயி அம்மாவின் முகம் மாறியது. அவரும் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எம்புட்டு இருக்குங்க?" அவரும் இப்போது குசுகுசுத்தார்.

"வேணும்ண்ட அளவு ஈக்குது."

"எனக்கு ரெண்டு கிலோ சேத்துப் போடுங்க. நான் யாருக்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அவர் மூச்சு விடாத தொனியில் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். நமது நாட்டில் ஒரு கடைக்காரன் குரலைத் தாழ்த்திப் பேசினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதை நான் மறந்துவிட்டேன். காஸுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கியூவில் நின்ற அந்தத் தட்டுப்பாட்டு வருடத்துக்குப் பின் எந்தக் கடை வாசலிலும் நாலு பேர் சும்மா நின்றால் ஐந்தாவது ஆள் காரணம் கேட்பதில்லை. நின்றுவிட்டு, பிறகு மெதுவாக விசாரித்துக்கொள்வார். நண்பகலுக்கு முன் என் வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை கியூ. ஒருவர் வெறும் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பெண் கையில் மண்ணெண்ணெய்க் கான். மேலே பிள்ளை இருக்கிறாள் என்பதால் நான் கியூவின் ஓரமாக நடந்து ஒவ்வொருவரின் காதிலும், "இங்க ஒண்டுமில்ல, போங்கோ" என்று குசுகுசுத்தேன். ஒவ்வொருவரும் எனக்குக் கண்ணைச் சிமிட்டினார்கள். யாரும் போகவில்லை; பின்னால் இருந்தவர்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள்.

"சத்தம் போட்டுச் சொல்லட்டுங்களா மொதலாளி?" என்றார் இராசையா.

"வேணாம், புள்ள எழும்பும்."

"அப்போ ஏதாச்சும் விப்போம்ங்க. இவ்ளோ சனம் நிக்கிதே."

ஒரு பொலிஸ்காரர் வந்தார். ஒழுங்காக நில்லுங்கள் என்று சனத்தை ஓரப்படுத்தினார். பிறகு கவுண்டருக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். பதுக்கல் வழக்கு என்றே எண்ணினேன். அவர் குனிந்து, மெல்லிய குரலில், சிங்களத்தில், தனக்கும் ஒன்று எடுத்து வைக்கும்படி கேட்டார். என்னதென்று அவரும் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: பதுளை பஸாரில் நான் கேட்ட அமைதி அன்றுதான் கிடைத்தது. அந்த நீளமான கியூ முழுவதும் காதோடு காதாகத்தான் பேசியது. கொண்டக்டர்கூடக் கூப்பிடவில்லை; அவரும் கியூவில் நின்றார்.

இனி நடந்ததை நான் நளீரா சொல்லித்தான் அறிந்தேன். வீதி திடீரென்று ஓய்ந்ததில் காமிலா எழுந்து யன்னலுக்குப் போயிருக்கிறாள். கீழே பார்த்தவள் தாயிடம் திரும்பி, கியூவை விரலால் காட்டி, புருவத்தை உயர்த்தியிருக்கிறாள். பால்மாவுக்கு விடியமுன் நின்ற நாட்களில் நளீராவின் இடுப்பில் இருந்து வளர்ந்த பிள்ளை அல்லவா. கியூவைக் கண்டால் அவளுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நளீரா யோசிக்கவே இல்லையாம். வாயில் வந்ததைச் சொன்னாளாம்.

"ஐஸ்பழம் குடுக்கிறாங்க. ஒராளுக்கு ஒண்டுதான். முடியப் போகுது."

உங்கள் தங்கை பொய் சொல்லமாட்டாள் என்று நிக்காஹ் பேச வந்த அன்று நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். அதை நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

எங்கள் குளிர்பெட்டியில் அதே குச்சி ஐஸ்பழம் ஒரு தட்டு நிறைய இருந்தது. அதை இலவசமாக, கட்டிலுக்கே கொண்டுபோய், கெஞ்சிக் கொடுத்தோம், அட்டைதான் உயர்ந்தது. கியூ இருக்கிறது, ஒருவருக்கு ஒன்று, முடியப் போகிறது என்றதும் அவள் அட்டையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, சால்வையொன்றைப் போர்த்திக்கொண்டு பின்படியால் இறங்கிப் போயிருக்கிறாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது கியூவின் கடைசியில், காஸ் சிலிண்டர்காரருக்குப் பின்னால், தொண்டை ஒப்பரேஷன் முடிந்த என் மகள் நிற்கிறாள். நான் ஓடிப் போய்த் தூக்கப் பார்த்தேன். அவள் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"லைன்ல வரட்டும் மொதலாளி," என்றார் சிலிண்டர்காரர், மெதுவாக ஆனால் உறுதியாக. "ஓங்க புள்ளையா இருந்தாலும் லைன்தான்."

"இவளுக்கு சுகமில்ல."

"எனக்கும் முதுகு வலி."

கியூ அவர் பக்கம்தான் இருந்தது. காமிலாவும் அவர் பக்கம்தான் இருந்தாள். என்னை முறைத்து, கையால் கடைப்பக்கம் காட்டினாள். போய் வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம். பின்னாலேயே இறங்கி வந்த நளீரா தான் சொன்ன ஐஸ்பழக் கதையை என் காதில் குசுகுசுத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவள் கவுண்டருக்கு வரும்போது இந்தக் கியூ எதற்கோ அது கவுண்டரில் இருக்க வேண்டும் என்று. அவளுக்கு முன்னால் நின்றவர்களுக்கும் அதுவே கிடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவள் நம்பமாட்டாள். இராசையாவைப் பின்கதவால் அனுப்பி, பஸாரில் எந்தக் கடையில் ஐஸ்பழம் இருந்தாலும் அள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். மழைத்தூறல் வேறு ஆரம்பித்திருந்தது. அந்தக் குளிரில் ஐஸ்பழத்துக்கு அலைந்த மனிதனைக் கண்டு நாலைந்து கடைக்காரர்கள் என்ன தட்டுப்பாடு வரப்போகிறது என்று அவரைத் தனியாக அழைத்து விசாரித்தார்களாம்.

கொடுக்க ஆரம்பித்தேன். முதல் ஆளுக்கு ஐஸ்பழத்தை நீட்டும்போது அடி விழும் என்றுதான் நினைத்தேன். மச்சான், நமது சனத்தைப் பற்றி நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். அவ்வளவு நேரம் நின்றபின் கையில் ஒன்று கிடைத்தது, பின்னால் நிற்பவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த முகத்தில் இருந்த திருப்தியைப் பெருநாளிலும் நான் கண்டதில்லை. மறுபடியும் வந்திருந்த பெரியாயி அம்மா ஐஸ்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எதுக்குங்க நல்லது?" என்றார். தொண்டைக்கு என்றேன். வீட்டுக்காரருக்கும் ஒன்று கேட்டார். ஒருவருக்கு ஒன்றுதான் என்று பின்னாலிருந்து எல்லோரும் சேர்ந்து குசுகுசுத்தார்கள். பொலிஸ்காரர் தனக்கு வைத்ததைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டார். அதன் விளைவை அவர் ஜீப்பில் ஏறிய பிறகு அறிந்திருப்பார்.

சிலிண்டர்காரர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அடுத்து, கவுண்டருக்கு மேலே இரண்டு கண்கள். நான் நீட்டினேன். அவள் வாங்கி, கடைவாசலிலேயே, மற்ற எல்லோரும் சப்பிக்கொண்டு நின்ற இடத்தில் நின்று, வாயில் வைத்தாள். நானும் இராசையாவும் பின்படியில் நின்ற நளீராவும் அவள் கழுத்தைப் பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவள் முகம் சுருங்கியது, கண்ணில் நீர் வந்தது, கழுத்து ஒருமுறை அசைந்தது. விழுங்கிவிட்டாள். வலியில் காலை ஒருமுறை உதைத்தாள். பக்கத்தில் நின்ற சிலிண்டர்காரர், "கடிக்காம சப்புங்க பாப்பா, அப்பதான் ரொம்ப நேரம் இருக்கும்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி விழுங்கினாள். குச்சி தெரியும்வரை அவளுடைய கழுத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் கல்லாவை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதன்பின் நளீரா மேலே போய் ஆஸ்பத்திரிப் பையிலிருந்த உடுப்பை எடுத்து மறுபடி அலுமாரியில் வைத்தாள்.

இப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வீட்டில் கியூ நடத்துகிறோம். நளீரா முன்னால், நான் நடுவில், இராசையா ஓய்வாக இருந்தால் அவரும், கடைசியில் காமிலா. றுஸைனா மாமிகூட ஒருமுறை நின்று ஒரு கரண்டி ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் ஈக்குது, ஆனா கொத்தமல்லி போல வராது என்றார். பிள்ளை நன்றாகக் குடிக்கிறாள், தூங்குகிறாள். பேச்சு மட்டும் இல்லை. காயம் முழுதாக ஆறும்வரை விடமாட்டோம். ஆகவே உங்களிடம் என் பணிவான வேண்டுகோள்: நான் மறுபடி எழுதும்வரை தயவு செய்து போன் எடுக்க வேண்டாம், குரல் அனுப்ப வேண்டாம். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்கு எல்லோரும் பழகிவிட்டோம் என்று எழுதத்தான் நினைத்தேன். நளீரா பக்கத்தில் இருந்து பார்க்கிறாள், அதனால் எழுதவில்லை.

உங்கள் தொழிலிலும் உடலிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அந்தச் சூட்டில் தலையை மூடாமல் வெளியே போக வேண்டாம் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். எங்கள் எல்லோரின் ஸலாமும், பேச முடியாத ஒருத்தியின் கையசைப்பும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
புஹாரி.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவு செய்து பொருட்படுத்த வேண்டாம். இன்று கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் தொண்டையைப் பார்த்து மிகவும் திருப்தியடைந்து, காமிலாவிடம் பெயரைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, அவள் பேசக் கூடாது என்று குசுகுசுத்தேன். "யார் சொன்னது?" என்று கேட்டார். நாங்கள் யோசித்துப் பார்த்தோம். கொஸ்லந்தைப் பக்கத்து அம்மா என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. முதல் நாளிலிருந்தே பேசியிருக்கலாமாம். பேசினால், மென்றால், விழுங்கினால் தொண்டைக்கு நல்லதாம். காமிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். டொன்சில் போனதில் மூக்கடைத்தாற்போல் இருந்த பழைய குரலும் போய்விட்டது, மச்சான். யாரோ வேறொரு பிள்ளை எங்கள் வீட்டு விடயங்களையெல்லாம் டொக்டரிடம் விபரமாகச் சொல்வது போல இருந்தது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் நான் ஒரு திருத்தம் சொல்ல வாயெடுத்தேன், காற்றுத்தான் வந்தது. அவர் என் தொண்டையையும் பார்த்தார். குசுகுசுப்பது சத்தம் போடுவதை விடக் கெடுதலாம். ஒரு கிழமைக்கு நான் பேசவும் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது.

ஆகவே கடிதம் கிடைத்த உடனே போன் எடுங்கள். பற்றரியை நிறைத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இப்போது என் இடத்தில் அவள்தான் நிற்கிறாள். சற்று முன் ஒருவர் வந்து சீனி இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டார். "நெறைய ஈக்குது மாமா, எல்லாருக்கும் ஈக்குது!" என்று பஸ் தரிப்பிடம் வரை கேட்கும்படி சொன்னாள். அந்த மனிதர் ஏமாற்றமடைந்து, பிறகு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். நான் திருப்பிக் கூப்பிடவில்லை.